ஒரே பாட்டுத்தானே, எதுக்கு ரெண்டு தட்டு?

போன இதழில், பழைய பொப் பாடல்களின் சிங்கிள் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து வித்தியாசம் பார்த்துப் பட்டியல் போடுகிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, உங்கள் வீட்டிலும் தட்டு கிடந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடிதம் வந்திருக்கிறது, சிலர் லேபலைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, எங்கட அம்மப்பாவின் பெட்டியில் பீற்றில்ஸின் ஒரு பாட்டு ரெண்டு தட்டில் இருக்கிறது. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறா. ஒரே பாட்டுத்தானே, எதுக்கு ரெண்டு தட்டு?
– பல்கலைக்கழக மாணவர், கல்லடி

தம்பி, அம்மாவிடம் ஒரு கிழமை தவணை கேளுங்கள். கொடுப்பதானால் ரெண்டையும் கேட்டுப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

முதலில் சிங்கிள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வயதுக்காரர்கள் பலர் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்களே தவிர தட்டைக் கையில் பிடித்ததில்லை. ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. 1949இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் கொலம்பியா கம்பெனி, பக்கத்துக்குப் பல பாட்டுக் கொள்ளும் பெரிய எல்.பி. தட்டைக் கொண்டுவந்திருந்தது. வானொலிக்கும், காசு போட்டால் பாடும் ஜூக்பொக்ஸ் பெட்டிக்கும், கையில் கொஞ்சக் காசோடு கடைக்குப் போகிற பொடியன்களுக்கும் சிங்கிள். வீட்டில் ஆறுதலாக இருந்து கேட்பவர்களுக்கு எல்.பி. ஒரே பாட்டு ரெண்டிலும் வரும். ஆனால் ரெண்டிலும் ஒரே ஒலிப்பதிவுதான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பீற்றில்ஸின் முதல் சிங்கிளையே எடுங்கள். 'லவ் மீ டூ', 1962 ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்தது. அந்தப் பாட்டை லண்டன் ஈ.எம்.ஐ. கலையகத்தில் மூன்று தரம் பதிவு செய்தார்கள், மூன்று தரமும் டிரம்ஸில் வேறு வேறு ஆள். ஜூன் 6ஆம் திகதி பீட் பெஸ்ட். செப்டெம்பர் 4ஆம் திகதி ரிங்கோ ஸ்டார். அதுவும் கலையகத்தாருக்குத் திருப்தியாக இல்லை, ஒரு கிழமை கழித்து அன்டி வைட் என்ற, கூலிக்கு வாசிக்க வரும் கலைஞரை டிரம்ஸில் இருத்திவிட்டு ரிங்கோவின் கையில் டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் அச்சான சிவப்பு லேபல் பார்லஃபோன் கம்பெனித் தட்டில் இருப்பது ரிங்கோ டிரம்ஸ் வாசித்தது. எல்.பி.யிலும், பிற்பாடு வந்த கறுப்பு லேபல் சிங்கிளிலும் இருப்பது அன்டி வைட் வாசித்தது. பாட்டின் பெயர் ஒன்றுதான், தட்டின் நம்பரும் ஒன்றுதான், ஆர் 4949. எப்படிப் பிரித்தறிவது? டாம்பரினின் சலங்கைச் சத்தம் கேட்டால் அன்டி வைட், கேட்காவிட்டால் ரிங்கோ. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இதில் என் மனதைத் தொடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ரிங்கோ வாசித்த அந்த செப்டெம்பர் 4ஆம் திகதிப் பாட்டின் மூல நாடா இன்றைக்கு இல்லை. பிற்காலத்தில் அதைத் திரும்ப வெளியிட வேண்டி வந்தபோது, அவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு பழைய சிங்கிள் தட்டை ஓடவிட்டு அதிலிருந்துதான் பிரதி எடுத்தது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தட்டுகளை எல்லாம் வாங்கினவர்கள் "ஒரே பாட்டுத்தானே" என்று தூக்கிப் போட்டிருந்தால் அந்த ஒலி உலகத்தில் இருந்தே போயிருக்கும்.

அவர்களுடைய இன்னொரு பாட்டு 'பிளீஸ் பிளீஸ் மீ'. மோனோவில், அதாவது எல்லாச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து, வந்த சிங்கிளில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இடம் வலம் என்று சத்தத்தைப் பிரித்துத் தருகிற ஸ்டீரியோவில் கேட்டால் கடைசிச் சரணத்தில் ஜோன் லெனன் சொல் தடுமாறி, அடுத்த அடியைப் பாடும்போது குரலில் சிரிப்பு வருவது நன்றாகக் கேட்கும். இப்படியான பாட்டுகள் எத்தனையோ. ஆகவே ரெண்டு தட்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போடுங்கள். நேரம் பிடியுங்கள். எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, முடிவில் சத்தம் மெல்லக் குறைந்து போகிறதா, வெட்டென்று நிற்கிறதா என்று எழுதுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒன்றைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மதிப்புக்குரிய ஐயா, 'அன்பே வா' படத்தின் 'புதிய வானம் புதிய பூமி' பாட்டில் 'உதய சூரியனின் பார்வையிலே' என்று இலங்கை வானொலியில் கேட்டதாக எனக்கு நல்ல ஞாபகம். பேரன் கைபேசியில் படத்தைப் போட்டுக் காட்டினான், 'புதிய சூரியனின்' என்று வருகிறது. வயது போய் எனக்குத்தான் பிசகிவிட்டதோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

ஐயா, உங்கள் ஞாபகமும் பிசகவில்லை, பேரனின் காதும் பிசகவில்லை. இசைத்தட்டில் 'உதய சூரியனின்', படத்தில் 'புதிய சூரியனின்'. படம் வந்தது 1966இல். பாடல் வாலி, இசை எம்.எஸ். விஸ்வநாதன். உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம், படத்தில் பாடுவதோ அப்போது அந்தக் கட்சியில் இருந்த எம்.ஜி.ஆர். தணிக்கைக்காரர்கள் விடவில்லை. படத்துக்கு மட்டும் ஒரு சொல்லை மாற்றினார்கள், தட்டில் பழையபடி இருந்துவிட்டது. வானொலி சுழலவிட்டது தட்டைத்தானே, அதனால் நீங்கள் காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியில் கேட்டிருந்தால் 'உதய சூரியன்'தான் கேட்டிருப்பீர்கள். படம் பார்க்கத் தியேட்டருக்குப் போனவருக்கு வேறு சொல். இந்தக் கரையில் வளர்ந்த எங்களுக்குப் பாட்டு என்றால் முதலில் வானொலிதான், படம் பிறகுதான், ஆகவே எங்கள் மனதில் நிற்பது பெரும்பாலும் தட்டில் இருந்த பாடம். பேரன் பார்த்தது படத்துப் பாடம். ரெண்டும் மெய்.

இதே மாதிரி ஒன்று இங்கிலாந்திலும் நடந்தது, காரணம்தான் வேறு. 1970இல் கிங்ஸ் என்ற குழுவின் 'லோலா' பாட்டில் 'கொக்கா கோலா' என்று ஒரு சொல் வந்தது. வியாபாரப் பொருளின் பெயரை ஒலிபரப்புவதில்லை என்பது பி.பி.சி.யின் விதி. அமெரிக்காவில் கச்சேரிகளுக்குப் போயிருந்த அந்தக் குழுவின் பாடகர் ரே டேவிஸ், அந்த ஒரு சொல்லுக்காக லண்டனுக்குப் பறந்து வந்து 'செரி கோலா' என்று மாற்றிப் பாடிவிட்டுப் போனார். சிங்கிளில் செரி, எல்.பி.யில் கொக்கா. அங்கே வானொலிக்காகச் சிங்கிளில் மாறியது, இங்கே தணிக்கைக்காகப் படத்தில் மாறியது. பட்டியல் எழுதுகிறவருக்கு ரெண்டும் ஒரே வேலைதான்: எந்தத் தட்டில் எந்தச் சொல் என்று குறித்து வைப்பது.

ஐயா, அந்தத் தட்டு உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லையே. இருந்தால் லேபலின் படம் ஒன்று பேரனைக் கொண்டு அனுப்பிவையுங்கள்.

வாப்பாவின் சிங்கிள் தட்டு ஒன்றில் பாட்டின் நேரம் 3.05 என்று அச்சடித்திருக்கிறது. கைபேசியில் பிடித்துப் பார்த்தால் மூன்றேமுக்கால் நிமிஷம் வருகிறது. பிளேயர் மெதுவாக ஓடுகிறதா? பாட்டு ரைச்சஸ் பிரதர்ஸ் பாடிய 'யூவ் லொஸ்ட் தட் லவின் ஃபீலிங்'.
– வாசகி, சாய்ந்தமருது

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றுவிட்டேன், ஏனென்றால் நேரம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பிளேயர் சரி. பொய் சொல்வது லேபல். 1964இல் அந்தப் பாட்டைத் தயாரித்த ஃபில் ஸ்பெக்டர் வேண்டுமென்றே 3.05 என்று அடிக்க வைத்தார். அப்போது மூன்று நிமிஷத்துக்கு மேல் போகிற பாட்டை வானொலிக்காரர்கள் போடத் தயங்குவார்கள். உண்மையான நேரத்தை அடித்தால் தட்டைத் தொடவே மாட்டார்கள் என்று பயந்து நாற்பது விநாடியை லேபலில் மறைத்தார். பாட்டு பெரிய வெற்றி பெற்றது.

ஆனாலும் பிளேயரைச் சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம், அதையும் சொல்கிறேன். 3.05இல் முடிய வேண்டியது 3.45 வரை இழுபட்டால் தட்டு நிமிஷத்துக்கு 45க்குப் பதிலாக 37 சுற்றுத்தான் சுற்றுகிறது என்று அர்த்தம். அப்படி ஓடினால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கனத்துப்போகும், காது உடனே பிடித்துவிடும். சின்ன வித்தியாசம்தான் ஏமாற்றும். லேபலின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை தரம் சுற்றி வருகிறது என்று எண்ணுங்கள், 45 வர வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் கோடு போட்ட வட்டக் கடதாசி இருக்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல்பு விநாடிக்கு 100 தரம் மினுங்கும். எல்.பி. வேகத்துக்கு (நிமிஷத்துக்கு 33⅓ சுற்று) வட்டத்தைச் சுற்றிச் சமமாக 180 கோடு போட்டு அந்த வெளிச்சத்தில் சுழலவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரியும். 45க்கு 133 கோடு. இப்போது வீடுகளில் இருக்கிற எல்.ஈ.டி. பல்புகளில் பலதில் இது தெரியாது, பழைய குண்டு பல்போ டியூப் லைட்டோ வேண்டும்.

லேபல் ஏமாற்றுவது நேரத்தில் மட்டும் இல்லை. 1949இல் வந்த 'மஹல்' என்ற ஹிந்திப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டின் தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி படத்தில் வருகிற பாத்திரத்தின் பெயர். பாடியது லதா மங்கேஷ்கர். லேபலைப் பார்த்து மட்டும் பட்டியல் எழுதினால் காமினி என்று ஒரு பாடகி எங்கள் கொப்பியில் பிறந்துவிடுவா. அதனால்தான் நான் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: லேபலில் இருப்பதையும் எழுதுங்கள், காதுக்குக் கேட்பதையும் எழுதுங்கள், ஆனால் ரெண்டையும் வேறு வேறு கட்டத்தில் எழுதுங்கள்.

என்னிடம் நூற்றுச் சொச்சம் தட்டு இருக்கிறது. விற்றால் எவ்வளவு வரும்?
– வாசகர், ஏறாவூர்

பார்க்காமல் சொல்ல முடியாது. கீறல், உறை, எத்தனையாவது அச்சு எல்லாம் விலையை மாற்றும். விற்பது உங்கள் உரிமை, அதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் ஒவ்வொன்றையும் எழுதி வைத்துவிட்டு விற்றால் எனக்கு மனம் ஆறும்.

அண்ணன், சிங்கிள் என்பது பாட்டை வெட்டிக் கொத்தி வானொலிக்காகச் செய்தது, எல்.பி.யில் இருப்பதுதான் அசல் என்று என் கூட்டாளி அடித்துச் சொல்கிறான். எது அசல்?
– வாசகர், அக்கரைப்பற்று

கூட்டாளி சொல்வதில் பாதி சரி. டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்', 1967. எல்.பி.யில் ஏழு நிமிஷத்துக்கு மேல் போகிறது. நடுவில் ஓர்கனும் கிற்றாரும் ஒன்றையொன்று துரத்துகிற நீண்ட வாசிப்பு. சிங்கிளில் அந்த நடுப்பகுதியைத் தூக்கிவிட்டு மூன்று நிமிஷத்துக்குள் அடக்கினார்கள். அந்த வெட்டின சிங்கிள்தான் அமெரிக்காவில் முதலாம் இடத்துக்குப் போனது. அந்தக் கோடைகாலத்தில் அதைக் காரில் கேட்டவன், கடையில் கேட்டவன் எல்லோருக்கும் பாட்டு என்றால் அந்த மூன்று நிமிஷம்தான். அவர்களிடம் போய் நீ கேட்டது அசல் இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்களா?

எல்லாச் சிங்கிளும் வெட்டினது என்றும் இல்லை. பீற்றில்ஸின் 'ஹே ஜூட்' 1968இல் ஏழு நிமிஷம் பதினொரு விநாடி, அப்படியே சிங்கிளாக வந்தது. டொன் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' எட்டரை நிமிஷம், சிங்கிளில் அதை ரெண்டாகப் பிரித்துப் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் போட்டார்கள். இது எங்களுக்குப் புதிது இல்லை. 78 சுற்று அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும், அதனால் எங்கள் பழைய படப்பாட்டுகளில் நீளமானவை பாகம் 1, பாகம் 2 என்று திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியவை. கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர்க்காரர் தட்டைத் திருப்பிப் போடுகிற அந்த இடைவெளியில் பாட்டு தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் என் அம்மா அந்தப் பாட்டைக் குசினியில் பாடுவா, நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடங்குவா.

ஆகவே எது அசல் என்ற சண்டைக்கு நான் வரமாட்டேன். முதலில் வந்தது எது, வெட்டினது எது, பிற்பாடு திரும்பப் பாடினது எது என்று சொல்லலாம், அது வரலாறு. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கவனம் வேண்டும். பாடகர்கள் கம்பெனி மாறினதும் பழைய வெற்றிப் பாட்டைப் புதுக் கம்பெனிக்காகத் திரும்பப் பாடிக் கொடுப்பது வழக்கம். அதே ஆள், அதே பாட்டு, ஆனால் வேறு வருஷத்துக் குரல். தொகுப்புத் தட்டுகளில் இதுதான் அதிகம் இருக்கும், உறையிலும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் தெரியும்.

78 தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, ஆரையம்பதி

வேண்டாம் அக்கா, வேண்டவே வேண்டாம். 78 தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும், தடம் அழிந்துவிடும். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பு, மெல்லிய துணி, தடத்தின் வழியே வட்டமாகத் துடைத்து, லேபலில் ஈரம் படாமல் பார்த்து, நிழலில் காயவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், பிளாஸ்டிக் தட்டு அந்தச் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அப்புறம், 78க்கு வேறு ஊசி, தடம் அகலம். 45க்குப் போடுகிற மெல்லிய ஊசியால் 78ஐ ஓட்டினால் தடத்தின் அடியில் போய் உரசிக்கொண்டு இரைச்சல்தான் வரும்.

'சுராங்கனி' பாட்டு எத்தனை விதமாக இருக்கிறது? அதைப் பட்டியல் போடப் போகிறேன், எங்கே தொடங்கலாம்?
– இளம் வாசகர், திருக்கோவில்

தம்பி, கடலுக்குள் இறங்கப் போகிறீர்கள், ஆனால் நல்ல கடல். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று எல்லோரும் சொல்கிற ஏ.ஈ. மனோகரன், 2018 ஜனவரியில் காலமானவர், அவர் பாடியதில் இருந்து தொடங்குங்கள். சிங்களமும் தமிழும் ஒரே பாட்டுக்குள் கலந்து வருவது அது. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போய், அங்கிருந்து இந்தியாவின் வேறு மொழிகளுக்கும் போனது. அவரே மேடையில் பாடும்போது ஊருக்கு ஏற்ற மாதிரி அடிகளை நீட்டிப் பாடியதும் உண்டு. ஆகவே பாடியவர், மொழி, தட்டா கசெட்டா மேடையா, முதல் அடி, கடைசி அடி, நேரம், இத்தனையும் எழுதுங்கள். எண்ணிக்கையை முதலில் தேடாதீர்கள், அது தானாக வரும்.

ஒரு மொழிப் பாட்டை இன்னொரு மொழியில் பாடிச் சிங்கிள் விடுவது பொப் உலகத்தில் பழைய வழக்கம். பீற்றில்ஸ் 1964இல் தங்களுடைய ரெண்டு பாட்டை ஜெர்மன் மொழியில் பாடியிருக்கிறார்கள். ஆபா குழு 'வோட்டர்லூ'வை 1974இல் சுவீடிஷிலும் ஆங்கிலத்திலும் பாடியது. ஆனால் சுராங்கனியில் மொழிகள் தனித்தனித் தட்டுக்குப் பிரிந்து போகவில்லை, ஒரே மூச்சில் வருகின்றன. எங்கள் மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலின் வாசித்துக் கஃப்ரிஞ்ஞா ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் எந்த வழியாக வந்தது என்று சொல்லத் தேவையில்லை, கால் தானாகவே அசையும். அந்தத் தாளத்துப் பாட்டைத்தான் பைலா என்கிறோம், அதன் வேர் பறங்கியர் பக்கம்தான். ஏலுமானால் அப்படி ஒரு கலியாண வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து பட்டியலைத் தொடங்குங்கள் என்று சொல்லுவேன்.

மனோகரனோடு நிற்காமல் 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம், திருகோணமலைப் பரமேஸ் ஆகியோருடைய தட்டுகளையும் கேளுங்கள். எங்கள் ஈழத்துப் பொப் பாட்டுகளுக்கு இன்னும் விரிவான ஒரு சிங்கிள் பட்டியல் என் கைக்கு வந்து சேரவில்லை. நீங்கள் எழுதினால் நான் முதல் வாசகன்.

பட்டியல் எழுதுவது எப்படி என்று விளக்கமாகச் சொல்லுங்கள். லேபல் கிழிந்த தட்டுகளையும், 'றெக்கோடிங் பார்' கசெட்டுகளையும் என்ன செய்வது?
– வாசகர்கள் பலர், மட்டக்களப்பு நகர், கல்முனை, வாழைச்சேனை

ஒரு சாதாரணக் கொப்பி போதும். கம்பெனி, தட்டு நம்பர், பக்கம், லேபலில் உள்ள பெயர்கள், லேபல் நேரம், பிடித்த நேரம், மோனோவா ஸ்டீரியோவா, தொடக்கம், முடிவு, குறிப்பு. இதற்கு மேலே ஒன்று, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: தட்டில் பாட்டு முடிந்து லேபல் தொடங்குவதற்கு இடையில் ஒரு மொட்டை வளையம் இருக்கும், அதில் சின்னதாக எழுத்தும் இலக்கமும் பொறித்திருக்கும். அச்சு நம்பர் என்று நாங்கள் சொல்வது. தட்டு நம்பர் பாட்டை வெளியிட்டதற்கு, அச்சு நம்பர் அந்தப் பக்கத்துக்கு வார்த்த அச்சுக்கு. வெளியே நம்பர் ஒன்றாகவும் உள்ளே அச்சு வேறாகவும் இருந்தால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், பாட்டு மாறியிருக்கலாம்.

அதை எனக்குக் கற்றுத் தந்தது 1978 சூறாவளி. நவம்பர் 23ஆம் திகதி இரவு, எனக்குப் பதினொரு வயது. மாமாவின் வீட்டுக் கூரை போய்விட்டது, விடிந்து பார்க்கும்போது தட்டுப் பெட்டகம் முற்றத்தில் தண்ணீருக்குள் கிடந்தது. 78 தட்டுகள் ஓட்டுத் துண்டு மாதிரி நொறுங்கிப்போய்க் கிடந்தன. 45கள் உடையவில்லை, ஆனால் உறையெல்லாம் கூழாகி லேபலில் ஒட்டி, எழுத்து எல்லாம் போய்விட்டது. எந்தத் தட்டு எந்தப் பாட்டு என்று தெரியாது, பிளேயரும் இல்லை, கரண்டும் இல்லை. மாமா திண்ணையில் இருந்து ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து, டோர்ச் லைட்டை மேலே இருந்து அடிக்காமல் பக்கவாட்டில், தட்டோடு தட்டாகச் சரித்துப் பிடித்தார். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத அந்த வளையத்தில் எழுத்து ஒவ்வொன்றாக நிழல் விழுந்து எழும்பி வந்தது. அவர் வாசிக்க வாசிக்க நான் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். பழைய நம்பர்களை அவர் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த ஒரு டயறி அலுமாரிக்குள் தப்பியிருந்தது. ரெண்டையும் பொருத்திப் பார்த்து, பெயர் போன தட்டுகளுக்குத் திரும்பப் பெயர் வைத்தோம். அன்றைக்குத் தொடங்கினதுதான் இது.

இந்தியாவில் அச்சான 78களை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 78 நின்றுபோன பிறகும் இந்தியாவில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள், பீற்றில்ஸின் பாட்டுகளே அங்கே 78 தட்டில் வந்திருக்கின்றன. உலகத்தில் பல ஊர்ச் சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டுக்காகத் தவம் கிடக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்று இருக்கக் கூடாது என்று என்ன இருக்கிறது?

இனிக் கசெட். றெக்கோடிங் பார் கசெட் எல்லாம் பட்டியலில் சேராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் சேர்க்கிறேன். கடைக்காரர் தன் தட்டில் இருந்து பதிந்து தந்தது அது, தட்டு அழிந்த பிறகும் அந்தப் பதிவு இருக்கிறது. 60 நிமிஷக் கசெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம், கடைசிப் பாட்டுக்கு இடம் போதாவிட்டால் அவர் சத்தத்தை மெல்லக் குறைத்து முடித்துவிடுவார். அந்த முடிவு உலகத்தில் வேறு எந்தத் தட்டிலும் இல்லை, கடைக்காரரின் கைவேலை. என்னிடம் ஒரு பொப் பாட்டு அப்படித்தான் இருக்கிறது. மற்றவர்கள் எல்லோருக்கும் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகிற பாட்டு, எனக்கு 2.41இல் முடிகிறது. நகரில் ஒரு கடையில் 1983இல் பதிந்தது. கொப்பியில் 'முடிவு' என்ற கட்டத்தில் 'கடைக்காரர் குறைத்தது' என்று எழுதியிருக்கிறேன்.

வானொலியில் இருந்து வீட்டில் பதிந்த கசெட் என்றால் அறிவிப்பாளர் எந்த இடத்தில் குறுக்கிட்டார், பின்னால் மழை கேட்கிறதா, யாராவது கூப்பிட்டார்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வாழைச்சேனை வாசகர் ஒருவர், தன் கசெட்டில் பாட்டுக்கு நடுவே உம்மா "கதவைச் சாத்து" என்று சொல்வது கேட்கிறது, அதை அழித்துவிட்டுக் கணினியில் ஏற்றவா என்று கேட்டிருக்கிறார். அழிக்காதீர்கள் தம்பி. எத்தனையாவது நிமிஷத்தில் சொல்கிறா என்று பார்த்து, குறிப்புக் கட்டத்தில் எழுதி அனுப்புங்கள்.